நேரலையில் வழிபட்டால் செல்லுமா, செயலியைக் கேட்டால் நம்பிக்கை போகுமா?

கேள்வி கேட்டவர் எழுதியது சுருக்கமாக இதுதான்: "வழிபாட்டை நேரலையில் பார்க்கிறோம். தொழுகை நேரத்தைச் செயலி சொல்கிறது. சந்தேகம் வந்தால் குருமாரிடம் போகாமல் ஏஐயிடம் கேட்கிறோம். நவீனத் தொழில்நுட்பம் மதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்துவிடுமா?" ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் இதற்குள் மூன்று இருக்கின்றன. திரை வழியாகச் செய்யும் வழிபாடு செல்லுமா என்பது ஒன்று. மத விஷயத்தில் இனி யார் பேச்சைக் கேட்பது என்பது இன்னொன்று. இதனால் மனிதர்களின் நம்பிக்கையே குறைகிறதா என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். மூன்றாவதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நான் பல வருடங்களாக மதச் சமூகவியல் பாடம் நடத்தி வருகிறேன். இறையியல் என் துறை இல்லை. கடவுள் நேரலையை ஏற்றுக்கொள்வாரா என்று என்னைக் கேட்டுப் பயனில்லை. எந்த மதம் என்ன முடிவெடுத்தது, ஏன் அப்படி எடுத்தது என்பதைத்தான் சொல்ல முடியும்.

முதலில் கேள்விக்கு அடியில் இருக்கும் ஓர் எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்க வேண்டும். மதம் ஒரு பக்கம் பழசாக உட்கார்ந்திருக்கிறது, தொழில்நுட்பம் வெளியிலிருந்து வந்து அதை இடிக்கிறது என்று நினைக்கிறோம். வரலாறு அப்படி நடக்கவில்லை. தேதி குறிப்பிடப்பட்டு இன்று முழுமையாகக் கிடைக்கும் அச்சு நூல்களில் மிகப் பழையது 868-ஆம் ஆண்டு சீனாவில் அச்சான வஜ்ர சூத்திரம். தன் பெற்றோரின் பொருட்டு எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க ஒருவர் அதை அச்சிட வைத்தார் என்று அந்தச் சுருளின் கடைசியிலேயே எழுதியிருக்கிறது. புத்த வசனத்தைப் படியெடுப்பது புண்ணியம். நிறைய படியெடுத்தால் நிறைய புண்ணியம். அச்சுக் கலை அங்கே வளர்ந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். இஸ்லாமிய உலகில் பெரிய பள்ளிவாசல்களில் தொழுகை நேரம் கணிப்பதற்கென்றே வானியல் அறிந்த ஒருவரை நியமித்தார்கள். டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் அந்த வேலையில் இருந்த இப்னுல் ஷாதிர், 1371-இல் அங்கே நிறுவிய சூரியக் கடிகாரம் அந்தக் காலத்தின் மிக நுட்பமான கருவிகளில் ஒன்று. வத்திக்கான் வானொலியை 1931-இல் அமைத்துக் கொடுத்தவர் மார்க்கோனியே. ஆக மதங்கள் புதுக் கருவிகளைக் கண்டு மிரண்டு ஓடியதைவிட, ஓடிப் போய் எடுத்துக்கொண்டதுதான் அதிகம். மிரண்டதும் உண்டு. ஆனால் எதை எடுத்துக்கொள்வது, எந்த இடத்தில் நிறுத்துவது என்ற பேரம்தான் பெரும்பாலும் நடந்திருக்கிறது.

சரி, நேரலைக்கு வருவோம். "செல்லுமா" என்பதற்கு எல்லா மதத்துக்கும் பொதுவான பதில் கிடையாது. ஒரே மதத்துக்குள்ளேயே சடங்குக்குச் சடங்கு பதில் மாறும். அந்தச் சடங்கு நடக்க எது கட்டாயம் தேவை என்று அந்த மதம் நினைக்கிறதோ, அதைப் பொறுத்தது. கத்தோலிக்கத் திருச்சபையை எடுத்துக்கொள்ளுங்கள். அசிசியின் புனித கிளாரா நோயில் படுத்திருந்தபோது, தூரத்தில் நடந்த திருப்பலியைத் தன் அறைச் சுவரிலேயே கண்டார் என்பது மரபு. இதைக் காரணமாகக் காட்டித்தான் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1958-இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். அப்படியானால் திரையை ஏற்றுக்கொண்டார்கள் என்று தோன்றும். ஆனால் 2002-இல் வத்திக்கான் வெளியிட்ட இணையம் பற்றிய ஆவணம் தெளிவாகவே சொல்கிறது: இணையத்தில் அருளடையாளங்கள் கிடையாது. நற்கருணையை வாயால் உண்ண வேண்டும், ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் உடம்பில் பட வேண்டும். அதே திருச்சபை, திருத்தந்தை ஊருக்கும் உலகுக்கும் வழங்கும் ஆசீரை வானொலியிலோ தொலைக்காட்சியிலோ பெற்றாலும் பலன் உண்டு என்கிறது. 2020 மார்ச் 27 அன்று ஆளே இல்லாத புனித பேதுரு சதுக்கத்தில் பிரான்சிஸ் அந்த ஆசீரை வழங்கியபோது உலகம் முழுக்க வீட்டிலிருந்தே பெற்றுக்கொண்டார்கள். சொல்லால் நிறைவேறும் ஆசீர் கம்பியில்லாமல் போகும். பொருளும் உடம்பும் தேவைப்படும் அருளடையாளம் போகாது. முரண்பாடு போலத் தெரிந்தாலும் உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது.

இஸ்லாத்தில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு ஜமாஅத், அதாவது தொழுவோர் கூட்டம், ஓரிடத்தில் கூட வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் திரையில் இமாமைப் பார்த்துப் பின்தொடர்ந்து தொழலாமா என்று கேட்டபோது பெரும்பாலான அறிஞர்கள் கூடாது என்றார்கள். வீட்டில் வழக்கமான நண்பகல் தொழுகையான லுஹரைத் தொழுதுகொள்ளுங்கள் என்றார்கள். பயானை, அதாவது மார்க்கச் சொற்பொழிவை, கேட்பதற்கோ தடையே இல்லை. இந்து மரபில் தரிசனம் என்பதே காண்பதும் காணப்படுவதும் என்பதால் திரை அங்கே சுலபமாக நுழைந்துவிட்டது. 1987-இல் தூர்தர்ஷனில் ராமாயணத் தொடர் வந்தபோது தொலைக்காட்சிப் பெட்டிக்கே மாலை போட்டுக் கும்பிட்டார்கள் என்பது அன்றைய நாளிதழ்களிலேயே பதிவானது. ஆனாலும் தீர்த்தம், திருநீறு, வலம் வருதல் எல்லாம் திரைக்கு வெளியேதான் நிற்கின்றன. எல்லா மதங்களையும் சேர்த்துப் பார்த்தால் இப்படிச் சொல்லலாம்: கேட்பது, பார்ப்பது, படிப்பது, சொல்வது ஆகியவை திரைக்குள் எளிதாகப் போகின்றன. உண்பது, தொடுவது, கூடி நிற்பது ஆகியவை போவதில்லை. படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு நேரலை பார்ப்பது "செல்லுமா" என்று யாராவது கவலைப்பட்டால், வர முடியாதவருக்கு வரவேண்டிய கடமையே இல்லை என்றுதான் மேலே சொன்ன மரபுகள் எல்லாம் பல நூறு ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. நேரலை அவர்களுக்கு அதற்கு மேல் கிடைக்கும் ஆறுதல்.

இந்தப் பேரம் எவ்வளவு நுணுக்கமாகப் போகும் என்பதற்கு யூதர்களின் ஓய்வுநாளைப் போல வேறு உதாரணம் கிடையாது. என் வகுப்பில் மாணவர்கள் நிமிர்ந்து உட்காரும் இடமும் இதுதான். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை 39 வகை வேலைகள் தடை. அதில் நெருப்பு மூட்டுவதும் ஒன்று. மின்சாரம் வந்தது. சுவிட்சைப் போடுவது நெருப்பு மூட்டுவதா? இழை பழுத்து எரியும் குண்டு பல்பு இருந்தவரை ஆமாம் என்று சொல்வது எளிதாக இருந்தது. இழை இல்லாத கருவிகளுக்கு என்ன சொல்வது? சுற்றை முழுமையாக்குவது ஒன்றைக் கட்டி முடிப்பதற்குச் சமம் என்றார் ஒரு பெரிய ரப்பி, அதாவது யூத மதகுரு. அந்தக் காரணம் நிற்காது, எல்லோரும் தடையாக ஏற்றுக்கொண்டுவிட்டதால் தடை என்று வைத்துக்கொள்வோம் என்ற திசையில் வாதாடினார் இன்னொருவர். எல்இடி விளக்கு வந்தபின் நெருப்பு என்ற காரணம் இன்னும் மெலிந்துவிட்டது, தடையோ அசையவில்லை. லிஃப்டுக்கும் இதே கதைதான். பொத்தானை அழுத்தாமல் ஒவ்வொரு மாடியிலும் தானே நின்று போகும் ஓய்வுநாள் லிஃப்ட் செய்தார்கள். உடனே அடுத்த கேள்வி: நாம் ஏறியதும் நம் எடை மோட்டாரின் வேலையை மாற்றுகிறதே, இறங்கும்போது நம் எடைதான் பெட்டியைத் தள்ளுகிறதே, அது நாம் செய்யும் வேலை ஆகாதா? இதற்காகவே மோட்டாரின் இயக்கத்தை ஆராய்ந்து மாற்றியமைத்த பொறியாளர்களும் நிறுவனங்களும் இஸ்ரேலில் உண்டு. அப்படியும் 2009-இல் மூத்த ரப்பிகள் சிலர் அந்த லிஃப்டே கூடாது என்று அறிவித்தார்கள். ஓய்வுநாளைப் போலவே மின்சாரத்துக்குத் தடை உள்ள பஸ்கா பண்டிகையில், 2020 விருந்தின்போது தனியாக இருக்கும் முதியவர்களுக்காக ஜூம் இணைப்பைத் திறந்து வைக்கலாம் என்று இஸ்ரேலில் ஒரு ரப்பிக் குழு அனுமதித்தது. தலைமை ரப்பிகள் மறுத்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மயிர் பிளக்கும் வாதமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு புதுக் கருவி வந்ததால்தான், நூற்றாண்டுகளாகப் பேசி வந்த "வேலை என்றால் என்ன" என்ற கேள்வியை அவர்கள் மறுபடியும் புதிதாக உட்கார்ந்து யோசிக்க நேர்ந்தது.

இரண்டாவது கேள்வி, அதிகாரம். இங்கேதான் உண்மையான மாற்றம் நடக்கிறது என்று நான் நினைக்கிறேன். அது சத்தமில்லாமல் நடப்பதால் பலர் கவனிப்பதில்லை.

தொழுகை நேரம் சொல்லும் செயலியைத் திறந்து செட்டிங்ஸுக்குள் போய்ப் பாருங்கள். கணக்கிடும் முறை என்று ஒரு பட்டியல் வரும். சுப்ஹு எனும் அதிகாலைத் தொழுகையின் நேரம் தொடங்குவது வைகறை வெளிச்சம் அடிவானத்தில் பரவும்போது. அதைக் கணக்காக மாற்ற, சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கும்போது அந்த வெளிச்சம் தெரியும் என்று ஓர் எண் வேண்டும். உலக முஸ்லிம் லீக் 18 என்கிறது. வட அமெரிக்க அமைப்பான இஸ்னா 15 என்கிறது. எகிப்தின் முறை 19.5. சூரியன் ஒரு பாகை நகர நான்கு நிமிடம் ஆகும். ஆக நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில்கூட 15-க்கும் 18-க்கும் சுமார் 12 நிமிட வித்தியாசம், வடக்கே போகப்போக அது இன்னும் கூடும். ரமலானில் நோன்பு தொடங்குவது அந்த நேரத்தில்தான் என்பதால், கடைசி வாய்ச் சாப்பாடு கூடுமா கூடாதா என்பது இந்த எண்ணில் இருக்கிறது. லண்டன் போன்ற ஊர்களில் மே கடைசி முதல் ஜூலை நடுப்பகுதி தாண்டி வரை சூரியன் 18 பாகைக்குக் கீழே இறங்குவதே இல்லை. அதாவது அந்தக் கணக்குப்படி சுப்ஹு நேரம் என்று ஒன்று வரவே வராது. அதற்கென்று செயலியில் தனி விருப்பங்கள் உண்டு: இரவின் ஏழில் ஒரு பங்கு, நள்ளிரவு, இப்படி. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) விவாதம் இருக்கிறது.

இப்போது யோசியுங்கள். செயலியைப் பதிவிறக்குகிறவர்களில் எத்தனை பேர் இந்தப் பட்டியலைத் திறப்பார்கள்? எந்த முறை முன்கூட்டியே தேர்வாகி வந்ததோ அதுவே அவர்களுடைய நேரம். எங்கோ உட்கார்ந்து நிரல் எழுதிய ஒருவர், தான் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரு ஃபத்வா கொடுத்துவிட்டார். அவர் தவறாக எதையும் செய்யவில்லை. ஏதாவது ஓர் எண்ணை வைத்துத்தானே ஆக வேண்டும். ஆனால் முன்பு இந்த முடிவை எடுத்தவர் ஜமாஅத்துக்கு முகம் தெரிந்தவர். ஏன் என்று கேட்கலாம், வாதாடலாம், வேண்டாமென்றால் வேறு பள்ளிக்குப் போகலாம். இப்போது முடிவு எடுக்கப்பட்டது என்பதே தெரிவதில்லை. எந்த மதத்தின் செயலியானாலும் இதுதான் நிலை. நாட்காட்டிச் செயலி எந்தக் கணித முறையைப் பின்பற்றுகிறது, வேதச் செயலியில் எந்த மொழிபெயர்ப்பு முதலில் திறக்கிறது, தேடலில் எந்த விளக்கவுரை மேலே வருகிறது என்று பார்த்தால் எல்லாமே இறையியல் முடிவுகள்தான், பொறியியல் வேலை போல உடுத்தி வருகின்றன.

பன்முகம் ஒன்றாகச் சுருங்குவதும் இதோடு சேர்ந்தது. இது அச்சுக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. குர்ஆனை ஓதுவதற்குப் பல அங்கீகரிக்கப்பட்ட முறைகள் உண்டு. 1924-இல் கெய்ரோவில் வெளியான அச்சுப் பதிப்பு ஹஃப்ஸ் ஓதலை எடுத்துக்கொண்டது. அந்த ஓதல் அதற்கு முன்பே உஸ்மானியப் பேரரசின் பகுதிகளில் பரவியிருந்தது என்றாலும், இன்று உலகின் பெரும்பகுதி அதையே "குர்ஆன்" என்று அறிவதில் அந்தப் பதிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. சீக்கியர்களின் குரு கிரந்த் சாஹிப் இன்று எங்கே திறந்தாலும் 1430 பக்கம். கையால் எழுதிய காலத்தில் பக்க எண்ணிக்கை படிக்குப் படி மாறியது. ஒரே பக்க எண்ணைச் சொல்லி உலகம் முழுக்க ஒரே வரியைத் திறக்க முடிவது பெரிய வசதி. இதில் வட்டார வழக்குகள் மெல்ல மறைவதும் உண்மை. இதை நல்லது என்பதா கெட்டது என்பதா என்று என்னைக் கேட்டால், மறைந்தவற்றைப் படிக்கும் தொழிலில் இருப்பதால் எனக்குக் கொஞ்சம் வருத்தம். வழிபடுகிறவர்களுக்கு அந்த வருத்தம் இருக்க வேண்டிய அவசியமில்லை.

அப்புறம் ஏஐ. நீங்கள் கேட்டதில் மிகப் புதிய பகுதி இது, ஆதாரம் மிகக் குறைவான பகுதியும் இதுதான். 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் கேத்தலிக் ஆன்சர்ஸ் என்ற அமைப்பு, ஃபாதர் ஜஸ்டின் என்ற பெயரில் குருவின் உடையோடு ஓர் ஏஐ உருவத்தை வெளியிட்டது. சில நாள்கூடத் தாங்கவில்லை. தன்னிடம் பாவசங்கீர்த்தனம் செய்தவருக்கு அது மன்னிப்பு வழங்கியது, விளையாட்டு வீரர்கள் குடிக்கும் பானத்தால் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றது என்றெல்லாம் செய்தி வந்தது. உடனே குரு உடையைக் கழற்றி வெறும் ஜஸ்டின் ஆக்கிவிட்டார்கள். கத்தோலிக்கப் போதனையில் எழுதப்பட்டவற்றைச் சொல்லும் திறமை அதற்கு இருந்தது; அருட்பொழிவு பெற்றவர் மட்டுமே செய்யக்கூடியதை அது செய்யப் போனதுதான் சிக்கல். அதற்கு முந்தைய ஆண்டு ஜெர்மனியின் ஃபுயர்த் நகரில் சாட்ஜிபிடி எழுதிய ஒரு முழு ஆராதனை நடந்தது. 40 நிமிடம், 300 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். அது பிரசங்கம், ஜெபம், ஆசி என்று நடந்த புராட்டஸ்டன்ட் ஆராதனை. விமர்சனம் வந்தது, ஆனால் செல்லுமா செல்லாதா என்ற அளவுக்குப் பிரச்சினை போகவில்லை.

இயந்திரம் பிரசங்கம் செய்தால் கேட்பவருக்கு என்ன ஆகிறது என்று சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. கியோட்டோவின் கோதாய்ஜி கோயிலில் 2019 முதல் மிந்தார் என்ற ரோபோ, கன்னான் போதிசத்துவரின் உருவில் சூத்திர விளக்கம் சொல்கிறது. அங்கும் சிங்கப்பூரில் ஒரு தாவோயிசக் கோயிலிலும் உளவியலாளர்கள் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு, மனிதப் போதகர் அளவுக்கு ரோபோ போதகர் நம்பத்தக்கவராகத் தோன்றவில்லை, கேட்டவர்களின் ஈடுபாடும் குறைந்தது என்கிறது. இதற்கு ஒரு விளக்கம் உண்டு. மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் முன்வைத்த கருத்து அது: ஒருவர் சொல்வதைவிட அதற்காக அவர் எதை இழக்கத் தயாராக இருக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நம்புகிறார்கள். நோன்பிருப்பவர், துறவு பூண்டவர், துன்பம் பட்டும் விடாதவர் பேச்சுக்கு எடை வருவது அப்படி. இயந்திரத்துக்குப் பசியும் இல்லை, இழப்பும் இல்லை. விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் அந்த ஆய்வு ரோபோக்களைப் பற்றியது. இரவில் தனியாக, யாரும் பார்க்காமல், தட்டச்சு செய்து சாட்பாட்டிடம் கேட்கும் ஒருவருக்கு அதை அப்படியே பொருத்துவது சரியாகாது. அங்கே முகம் இல்லாததே சிலருக்கு வசதி.

இனி மூன்றாவது: நம்பிக்கை குறைகிறதா? உறுதியாகத் தெரிந்தது இது. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி அமெரிக்காவில் எந்த மதத்தையும் சாராதவர்கள் 2007-இல் 16 சதவீதம், 2023–24-இல் 29 சதவீதம். இணையம் பரவிய அதே காலத்தில்தான் இது நடந்தது. ஆலன் டவுனி என்ற கணினி அறிவியலாளர் 2014-இல், இணையப் பயன்பாடு கூடக்கூட மதச் சார்பு குறைவதாகவும் கல்வி, வருமானம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தாலும் அந்தத் தொடர்பு நிற்பதாகவும் காட்டினார். சமூகவியலாளர் பால் மெக்ளூர் 2017-இல் சற்று வேறு விதமாகச் சொன்னார்: இணையத்தில் அதிக நேரம் இருப்பவர்கள் ஒரே மதம்தான் உண்மை என்று சொல்வது குறைவு, பல இடத்திலிருந்து எடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி சேர்த்துக்கொள்வது அதிகம். இணையத்தை விட்டுவிட்டு, ரோபோவும் தானியங்கி இயந்திரங்களும் பெருகும் இடங்களில் மத ஈடுபாடு குறைகிறது என்று 2023-இல் இன்னொரு குழு எழுதியது.

சந்தேகத்துக்குரியது எது? இவற்றில் எது காரணம், எது விளைவு என்பது. நம்பிக்கை தளர்ந்தவர்தான் இணையத்தில் அதிகம் தேடுகிறாரோ என்பதை இந்தக் கணக்குகளால் முழுதாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் சரிவு தொடங்கியது 1990-களின் ஆரம்பத்தில். அப்போது இணையம் எத்தனை வீட்டில் இருந்தது? ஹௌட், ஃபிஷர் என்ற இரு சமூகவியலாளர்கள் 2002-இலேயே அதற்கு வேறு காரணம் சொன்னார்கள்: மதத்தை வலதுசாரி அரசியலோடு சேர்த்துக் கட்டியதால் மிதவாதிகள் விலகினார்கள் என்று. செக் நாடும் பழைய கிழக்கு ஜெர்மனியும் இணையம் வருவதற்கு வெகு முன்பே மதத்தை விட்டு விலகியவை. மறுபக்கம், வளைகுடா நாடுகளில் கைபேசி இல்லாத ஆளே கிடையாது. மத ஈடுபாடு அங்கே உயர்ந்தே நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. அதே அமெரிக்காவில் 2019-ஐ ஒட்டி அந்தச் சரிவு நின்று, கிட்டத்தட்ட சமதளமாக இருக்கிறது. இணையப் பயன்பாடு மட்டும் குறையவில்லையே. ஆகவே "இணையம் நம்பிக்கையைக் கொல்கிறது" என்று ஒரே வரியில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "இணையத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்றாலும் நம்பாதீர்கள்.

என் கணிப்பு என்ன என்றால், சொல்கிறேன், கணிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அறிவியல் கட்டுரை படித்து நம்பிக்கை இழந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தன்னைப் போலவே சந்தேகப்படுகிறவர் இன்னொருவர் இருக்கிறார் என்று தெரிந்து தைரியம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்பு சந்தேகம் உள்ளவர் தன் ஊரில் தான் மட்டும்தான் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார். இப்போது ஐந்து நிமிடத்தில் ஆயிரம் பேர் கிடைக்கிறார்கள். அதே போல, ஊரில் தனியாக இருந்த தீவிர பக்தருக்கும் ஆயிரம் பேர் கிடைக்கிறார்கள். நடுவில் பழக்கத்துக்காகப் போய் வந்தவர்கள் மட்டும் மெலிகிறார்கள். அதிசயமும் இதே கம்பியில்தான் ஓடுகிறது: 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்ற செய்தி டெல்லியில் தொடங்கி அன்றைக்கே வெளிநாட்டுக் கோயில்கள் வரை போனது தொலைபேசியாலும் தொலைக்காட்சியாலும். பரப்பு இழுவிசையும் நுண்புழை விசையும்தான் காரணம் என்று விஞ்ஞானிகள் வண்ணம் கலந்த பாலை வைத்துக் காட்டிய விளக்கமும் உடனே வந்துவிட்டது. நம்பியவர் நம்பினார், நம்பாதவர் சிரித்தார், இருவருக்கும் செய்தியைக் கொண்டுபோனவை அதே கருவிகள்.

மதக் குழுக்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. எளிய வாழ்வைக் கைக்கொள்ளும் கிறிஸ்தவர்களான அமெரிக்காவின் ஆமிஷ் மக்களில் பல குழுக்கள் தொலைபேசியை அடியோடு தள்ளவில்லை. வீட்டுக்குள் வேண்டாம், தெருமுனையில் ஒரு சின்னக் கொட்டகையில் பல குடும்பங்களுக்குப் பொதுவாக இருக்கட்டும் என்றார்கள். அவசரத்துக்கு உதவும், ஆனால் அக்கம்பக்கம் நேரில் போய்ப் பேசும் வழக்கத்தைத் தின்னாது. மரபில் மிகக் கண்டிப்பான, இஸ்ரேலின் ஹரேதி யூதர்கள் இணையமும் குறுஞ்செய்தியும் இல்லாத கைபேசியைத் தயாரிக்கச் சொல்லி நிறுவனங்களைப் பணிய வைத்தார்கள். மதத்தையும் ஊடகத்தையும் ஆராயும் ஹைடி கேம்பல் போன்றவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காட்டி வருவது இதைத்தான்: கருவி மதத்தை மாற்றுகிற அளவுக்கு மதக் குழுவும் கருவியை வளைக்கிறது. இதற்குக் கட்டுக்கோப்பான சமூகம் வேண்டும். தனி ஆளாகக் கைபேசியோடு இருப்பவருக்கு அந்தப் பேர வலு கிடையாது.

எல்லோரும் திரையைப் பற்றியே பேசுவதால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு சடங்கை வேரோடு அசைத்த தொழில்நுட்பங்களில் எனக்குத் தெரிந்து மிகக் கடுமையானது ஒரு வலி மருந்து. ஜரதுஸ்திர மதத்தவரான பார்சிகள் இறந்தவர் உடலை மண்ணுக்கோ நெருப்புக்கோ கொடுப்பதில்லை. நிலமும் நெருப்பும் தீட்டாகக் கூடாது என்பதால் உயர்ந்த வட்டக் கட்டடத்தில் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு விடுவார்கள். 1990-களில் மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் என்ற அந்த வலி மருந்தைக் கொடுக்கும் வழக்கம் பரவியது. அந்த மாடுகளின் சடலத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. வெண்முதுகுக் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தன. இந்தியா 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது, கழுகுகள் திரும்பவில்லை. மும்பையில் சூரிய ஒளியைக் குவித்து உடலை உலர்த்தும் கருவிகளை வைத்தார்கள். ஒளிக்கதிர் நெருப்பா இல்லையா, இது மரபுக்குள் வருமா என்று அந்தச் சமூகம் இன்றும் பிரிந்து நிற்கிறது; சிலர் தகனத்துக்கு மாறிவிட்டார்கள். ஒரு மதத்தையும் மனதில் வைத்து உருவாக்காத ஒரு மருந்து செய்த வேலை இது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கேட்டிருக்க வேண்டியது என்று நினைக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைக் குரு எந்த நிலையிலும் வெளியிடக் கூடாது என்பது கத்தோலிக்கச் சட்டம். மீறினால் தண்டனை திருச்சபையிலிருந்து விலக்கு. பல நாடுகளின் நீதிமன்றங்களும் அதை மதிக்கின்றன. உங்கள் செயலிக்கும் சாட்பாட்டுக்கும் அப்படி எந்தக் கட்டும் இல்லை. 2020-இல் உலகில் மிக அதிகம் பேர் பயன்படுத்தும் ஒரு தொழுகைச் செயலியின் இருப்பிடத் தரவு, தரகு நிறுவனம் ஒன்றின் வழியாக அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் வரை போனதாகச் செய்தி வந்தது. செயலிக்காரர்கள் அந்தத் தொடர்பைத் துண்டித்துக்கொள்வதாக அறிவித்தார்கள். தொழுகை நேரம் சொல்ல நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும், எந்தத் தெருவில் என்று தெரிய வேண்டியதில்லை. துல்லியமான இருப்பிட அனுமதியை அணைத்துவிட்டு ஊர்ப் பெயரைக் கையால் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பக்கம் போகும்போதே கணக்கிடும் முறையில் எந்த எண் இருக்கிறது என்று பார்த்து, அது உங்கள் ஜமாஅத் பின்பற்றுவதுதானா என்று நேரில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். சாட்பாட்டிடம் மத சந்தேகம் கேட்பதானால் நூலில் என்ன இருக்கிறது என்பதைக் கேளுங்கள், அது கொடுக்கும் மேற்கோளை மூலத்தில் சரிபாருங்கள். இல்லாத வசனத்தை இருப்பதாகச் சொல்லும் வழக்கம் அதற்கு இன்னும் போகவில்லை. யாரிடமும் சொல்லாத ரகசியத்தை மட்டும் அதில் தட்டச்சு செய்யாதீர்கள்.